ஒரு வீடு, நான்கு முகம், ஒரே சோப்பு

வேலூரில் எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் வருஷம் முழுக்க ஒரே சோப்புதான் இருக்கும். பாட்டி, அம்மா, தம்பி, நான் என நால்வருக்கும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் அதனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மாசி கழிந்து, ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகள் காயத் தொடங்கிவிட்டால் நான்கு முகமும் நான்கு விதமாகப் பேச ஆரம்பிக்கும். தம்பிக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். பாட்டிக்குக் கன்னம் இழுத்துப் பிடிக்கும், சிரித்தால் வலிக்கிறது என்பார். அம்மாவின் கன்னத்து மங்கு இன்னும் ஒரு படி கறுக்கும். எனக்கு வெளியே போய் வந்தாலே முகம் காந்தும். நான்குக்கும் வீட்டில் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: உடம்புச் சூடு. வைத்தியமும் ஒன்றுதான்: இன்னும் நன்றாக முகம் கழுவு.

தோலைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு, அந்த அறிவுரை நான்கு பேரில் மூன்று பேருக்கு நேர்த் தீங்கு என்பது தெரிந்தது. நான்காவது ஆளான தம்பிக்கும் அதில் பாதிதான் சரி.

முகத்தோலின் கடைசி எல்லை, அதாவது காற்றும் வெயிலும் நேரடியாகத் தொடுகிற மேலடுக்கு, 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டது. ஒரு தலைமுடியின் தடிமனில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய ஏடுதான் உடம்பின் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலையஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். உயிரற்றுத் தட்டையாகிவிட்ட செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்த பூச்சு அவற்றுக்கு இடையிலான சாந்து. செங்கலுக்குள்ளேயும் அமினோ அமிலம், யூரியா, லாக்டேட் போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. தோல் மிருதுவாக இருப்பது இந்த ஈரத்தால்தான்.

இந்தச் சுவர் லேசான புளிப்புத் தன்மையை விரும்புவது. தோலின் மேற்பரப்பில் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாந்துக்குரிய செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அந்தப் புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9 அல்லது 10. அது அழுக்கோடு சாந்திலிருந்தும் கொஞ்சம் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகிறது, நொதிகளையும் சில மணி நேரம் முடக்கிப் போடுகிறது. ஒரு தடவை நடந்தால் தோல் தானே சரிசெய்துகொள்ளும். நாளைக்கு ஐந்து தடவை நடந்தால் சுவர் கட்டுவதற்குள் அடுத்த இடிப்பு வந்துவிடும். எங்கள் ஊரில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் வேறு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி முகத்திலேயே தங்கும். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள்தான். கழுவக் கழுவ முகம் 'கறகற'வென்று இருப்பதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது சாந்து உதிர்ந்த சுவரின் சொரசொரப்பு.

சரி, தம்பியின் எண்ணெய்? அது எங்கிருந்து வருகிறது?

தோலில் இரண்டு கொழுப்புகள் உண்டு. ஒன்று மேலே சொன்ன சாந்து. மற்றொன்று மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் வெளியே தள்ளும் சீபம். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 சுரப்பிகள் வரை இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. எண்ணெய்ப் பசை வேறு, ஈரப்பசை வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சீபம் வழிகிற முகத்திலும் சாந்து குறைந்து ஈரம் வற்றிப்போயிருக்கலாம். நெற்றி பளபளக்கும், ஆனால் கன்னம் இழுக்கும், தோல் பொருக்குப் பொருக்காக உரியும். 'எனக்கு எண்ணெய் முகம், மாய்ஸ்சரைசர் எதற்கு?' என்று கேட்கிற பலருடைய நிலைமை இதுதான்.

வெயில் காலத்தில் எண்ணெய் கூடுவது மனப்பிரமை இல்லை. 1970-ல் இங்கிலாந்தில் கன்லிஃப் என்ற தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் நெற்றியின் வெப்பநிலையை மாற்றி மாற்றிச் சீபத்தை அளந்தார்கள். தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் வெளியேறும் சீபம் சுமார் 10 சதவீதம் கூடியது. வேலூர் வெயிலில் முகத்தோல் மூன்று டிகிரி சூடாவது பெரிய விஷயமே இல்லை. சூட்டில் சீபம் இளகிப் பரவவும் செய்யும். கூடவே வியர்வை. இரண்டும் கலந்துதான் அந்த மினுமினுப்பு.

அப்படியானால் அதிகம் கழுவினால் எண்ணெய் குறையாதா என்றால், குறையாது. சுரப்பியை ஆள்வது ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன்கள். மேலே முகம் கழுவிய செய்தி கீழே சுரப்பிக்குப் போய்ச் சேர்வதில்லை. கழுவினால் பழிவாங்குவதுபோல் சுரப்பி இன்னும் கூடுதலாகச் சுரக்கும் என்று அழகு நிலையங்களில் சொல்வார்கள்; அதற்கும் உறுதியான சான்று இல்லை. மேலே இருக்கும் எண்ணெய் போகும், இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்ப வரும், இடையில் சுவர் மட்டும் பாழாகும்.

எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம் என்ற இந்தப் பிரிவினையே மருத்துவக் கல்லூரியில் பிறந்ததில்லை. போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகு நிலையம் திறந்த ஹெலினா ரூபின்ஸ்டைன் தன் களிம்புகளை விற்பதற்காகப் பரப்பிய வழக்கம் அது. கடையில் பிறந்தாலும் பயனுள்ள பிரிவுதான். ஆனால் அதை ஜாதகம்போல் பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல். மார்கழியில் வறண்ட முகம் சித்திரையில் எண்ணெய் முகமாகலாம். இருபது வயதில் எண்ணெய் வழிந்த முகம் ஐம்பதில் காய்ந்துபோகலாம். சென்னைக் கடற்கரை ஈரக்காற்றில் ஒரு மாதிரியும், அதே ஊர் அலுவலக ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். என் சருமம் எந்த வகை என்று கேட்பதைவிட, இந்த மாதம், இந்த ஊரில், என் முகத்தின் எந்தப் பகுதி எப்படி இருக்கிறது என்று கேட்பது நல்லது.

பார்த்துவிடுவதும் எளிது. காரமில்லாத ஃபேஸ் வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடையில் தனித்தனியாக ஒற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்த் தடம் இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் என்றால் கலவை. நம்மில் பெரும்பாலோர் இங்கேதான். தாள் காய்ந்தே இருந்து, தோலும் இழுத்தால் வறட்சி. இது எதற்கும் சம்பந்தமில்லாமல் எரிச்சலும் அரிப்பும் இருந்தால், அது என் முகம்.

தம்பிக்குக் கடைசியில் பலித்தது மிகக் குறைந்த வேலைதான். காலையும் இரவும் சோப்பல்லாத, பி.எச். 5.5 அளவுள்ள ஃபேஸ் வாஷ். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீர். அந்த ஃபேஸ் வாஷ் சாலிசிலிக் அமிலம் கலந்தது என்றால் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அது எண்ணெயில் கரையக்கூடியது. மயிர்க்காலின் அடைப்புக்குள் இறங்கி வேலை செய்யும். பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு பூசுவோர், வீரியம் கூடினால் குணமும் கூடும் என்று 10 சதவீதக் களிம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2.5 சதவீதமே அதே அளவு வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. மேலே எண்ணெயில்லாத ஜெல் வகை மாய்ஸ்சரைசர் ஒன்று. முல்தானி மிட்டி அவனுக்குப் பகையில்லை. களிமண் துகள்களின் பரப்பு எண்ணெயை உறிஞ்சும். ஆனால் வாரம் ஒரு தடவை, அதுவும் வெடித்துக் காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

ஆனாலும் அவன் நெற்றியில் மட்டும் ஒரே அளவில், குருணை அரிசி கொட்டினாற்போல் சின்னச் சின்னக் கட்டிகள் மாதக்கணக்கில் போகவே இல்லை. பரு மருந்துகள் எதற்கும் அசையவில்லை. அரிப்பும் இருந்தது. அதுதான் துப்பு, பரு வலிக்கும், பொதுவாக அரிக்காது. தோல் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: மலசீசியா என்கிற ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகியிருக்கிறது. முதுகிலும் கழுத்திலும் தேமலை உண்டாக்குகிற அதே உயிரிதான். எல்லார் தோலிலும் இருப்பது. வெக்கையும் வியர்வையும் எண்ணெயும் கிடைத்தால் கொண்டாடும். தன்னால் கொழுப்பு அமிலம் தயாரிக்க முடியாத உயிரி அது, வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும். அம்மா அவன் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் வெயிலில் இளகி நெற்றிக்கு இறங்கி அதற்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. பூஞ்சைக்கான மருந்தில் சில வாரங்களில் நெற்றி தெளிந்தது. வெயில் காலத்தில் பரு மருந்துக்கு அடங்காத, அரிக்கிற நெற்றிக் கட்டி இருந்தால் இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அதே தேங்காய் எண்ணெய் புட்டி பாட்டிக்கு மருந்து. வயதாக ஆக, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, சீபமும் குறைகிறது, சாந்தும் மெலிகிறது. எங்கள் ஊர் வெயில் சென்னை வெயில்போல் புழுங்காது. காய்ந்த காற்று முகத்தில் அடித்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். பாட்டிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முகத்துக்குச் சோப்பை நிறுத்துவதும், கழுவிய ஈரம் காயும் முன்பே பூசுவதும்தான். கிளிசரின் தண்ணீரைப் பிடித்துவைக்கும், செராமைடு உள்ள கிரீம் சாந்தை நிரப்பும், இரவில் மெல்லிசாகத் தடவிய பெட்ரோலியம் ஜெல்லி ஆவியாதலை ஏறக்குறைய முழுக்கவே தடுக்கும். விலையில் இதுதான் எல்லாவற்றையும்விட மலிவு. நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் மினுங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெயிலில் தண்ணீர் குடிப்பது உயிருக்கு அவசியம். ஆனால் சாந்து உதிர்ந்த சுவரைக் குடிக்கிற தண்ணீர் அடைக்காது.

என்னைப்போல் எதற்கும் எரிகிற முகத்துக்கு ஒரே விதி, குறைவாகப் பூசுவது. வாசனை சேர்த்த பொருள்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. இயற்கை வாசனை எண்ணெயாக இருந்தாலும் அப்படியே. புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறேன். அரிசி மாவு, சர்க்கரை வைத்துத் தேய்ப்பதை விட்டே வருஷங்கள் ஆயின.

இதுவரை சொன்னதெல்லாம் சூட்டைப் பற்றி. வெயிலில் இன்னொன்றும் இருக்கிறது, அதை உணர நமக்குப் புலனே கிடையாது.

1821-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் ஒரு சோதனையை எழுதினார். வெயிலில் ஒரு கையை வெறுமனே நீட்டி வைத்தார். மற்றதைக் கறுப்புத் துணியால் மூடினார். இரண்டிலும் வெப்பமானி. கறுப்புத் துணிக்கு அடியில்தான் சூடு அதிகமாகக் காட்டியது. ஆனால் பொசுங்கியது வெறுங்கை. மூடிய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொசுக்குவது சூடு இல்லை என்பதை ஒரு மனிதர் தன் இரண்டு கைகளை வைத்தே காட்டிவிட்டார். அதற்கு இருபது வருஷம் முன்பு, 1801-ல், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருப்பதை ஜெர்மனியின் ரிட்டர் வெள்ளி குளோரைடு கறுப்பதை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். இன்று அதைப் புற ஊதாக் கதிர் என்கிறோம்.

சூடும் இந்தக் கதிரும் ஒரே நாளில் உச்சத்துக்குப் போவதில்லை. நாம் அஞ்சுவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயிலுக்கு. கதிரின் அளவையோ சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னை, வேலூர் பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பள்ளிக்கூடங்களில் நிழலில்லா நாள் என்று கம்பம் நட்டுப் பார்ப்பார்களே, அந்த நாள். மண்ணும் காற்றும் சூடேறப் பிந்துவதால் அனல் பிறகு வருகிறது. கதிர் மார்ச்சிலேயே வந்துவிடும். புற ஊதாக் குறியீடு என்ற அளவுகோலில் 11-ஐ எட்டினாலே 'மிகத் தீவிரம்'. நம் ஊர்க் கோடை நண்பகலில் அதைத் தாண்டுவது சாதாரணம். மேகமில்லாத மார்கழி நண்பகலிலும் 'அதிகம்' என்ற படிக்குக் கீழே அது இறங்காது. கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் மறைப்பு வேண்டிய நேரம்.

தரைக்கு வரும் புற ஊதாவில் 95 சதவீதம் ஏ வகை. மீதி பி வகை. பி வகை தோலைச் சுடும், கண்ணாடியில் நின்றுவிடும். ஏ வகை சுடாமல் ஆழமாக இறங்கும். சுருக்கம், கறுப்பு இரண்டுக்கும் இதற்குப் பெரும் பங்கு. காரின் பக்கக் கண்ணாடியையும் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரக்கூடியது. லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு ஜன்னல் பக்கக் கன்னம் கூடுதலாக முதிர்வது இதனால்தான்.

நம் நிறம் நமக்குக் கிடைத்த குடை. உவமைக்காகச் சொல்லவில்லை. நிறமிச் செல்கள் தயாரிக்கும் மெலனின் மணிகள் பக்கத்துச் செல்களுக்குள் போய், உட்கருவுக்கு மேலே கவிழ்த்த தொப்பிபோல் குவிந்து, டி.என்.ஏ.வுக்கு நிழல் தருகின்றன. சிவந்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. மணிகளின் அளவும் அடர்த்தியும்தான் வேறு. 1979-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் கறுப்பினத்தவரின் மேல்தோல் தானாகவே சுமார் 13 எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன்களில் போடும் காப்பு எண்) அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3-ஐ ஒட்டியும் காப்புத் தந்தது. நாம் இடையில் எங்கோ இருக்கிறோம். அதனால் வெயிலில் தோல் உரிவதும் தோல் புற்றுநோயும் நமக்கு வெகு குறைவு. மாறாக, எந்தக் காயத்துக்கும், பருவுக்கும், எரிச்சலுக்கும் நம் தோல் கறுத்துப் பதில் சொல்கிறது. மேலை நாட்டுச் சன்ஸ்கிரீன் விளம்பரங்கள் தோல் சிவப்பதைப் பேசும். நம் பிரச்சினை சிவப்பு இல்லை, திட்டுத் திட்டான கறுப்பு.

அம்மாவின் மங்கு அப்படி வந்ததுதான். தம்பியைச் சுமந்தபோது தொடங்கி, பங்குனி, சித்திரையில் மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைத்தே ஆழமானது. ஹார்மோனும் ஒளியும் சேர்ந்து செய்கிற வேலை. சூடும் தூண்டும் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். இதில் புற ஊதா மட்டுமே குற்றவாளி இல்லை என்பது கடந்த பதினைந்து வருஷ ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊதா, நீலப் பகுதியும் பழுப்புத் தோலை வாரக்கணக்கில் கறுக்க வைக்கிறது. வெள்ளைத் தோலில் இந்த விளைவு பெரிதாக இல்லை. சாதாரணச் சன்ஸ்கிரீன் கண்ணாடிபோல் தெளிவானது, அந்த ஒளியை அப்படியே உள்ளே விடும். இரும்பு ஆக்ஸைடு, அதாவது செம்மண்ணுக்கு நிறம் தரும் அதே பொருள், கலந்த நிறச் சன்ஸ்கிரீன்கள்தான் அதை மறிக்கின்றன. துத்தநாக ஆக்ஸைடு பூசினால் நம் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகுமே, அந்தக் குறையும் இதில் மறையும். மங்கு உள்ளவர்கள் கடையில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எஸ்.பி.எஃப். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 30 என்றால் பி வகைக் கதிரில் சுமார் 97 சதவீதம் நிற்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவே. ஏ வகைக்கு பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும். ஆனால் உண்மையான ஓட்டை அளவில் இருக்கிறது. அந்த எண்ணை ஆய்வகத்தில் அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் குறையாது; ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு. நாம் பூசுவது அதில் கால் பங்கோ பாதியோதான். வியர்த்துத் துடைத்தால் அதுவும் போச்சு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். எண்ணெய் முகத்துக்கு ஜெல் வகை, வறண்டதற்கு கிரீம், எரிகிற முகத்துக்குத் துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளது. தேர்வு அவ்வளவுதான்.

இப்போது அடுக்களைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்குக் கவலை. தயிரும் வெள்ளரியும் கற்றாழையும் முகத்தைக் குளிர்விக்கும், பெரிய கெடுதல் இல்லை. எலுமிச்சை அப்படியில்லை. அதன் புளிப்பு பி.எச். 2-ஐ ஒட்டியது. அதைவிட முக்கியம், அதில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகுமரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. தனியாக அவை சாது. புற ஊதா-ஏ பட்டால் டி.என்.ஏ.வைப் போய்ப் பிணைக்கும். ஓரிரு நாளில் தோல் கொப்புளித்து, பின்பு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். மேலை நாட்டுக் குறிப்புகளில் வரும் மஞ்சள் லெமனைவிட நம் ஊர் நாட்டு எலுமிச்சை இந்த விஷயத்தில் கடுமையானது. கறுப்பு போக எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குவது கறுப்பை வரவழைக்கும் வழி.

இதே வேதியியலை நம் வைத்தியர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. வெண்குட்டத்துக்குக் கார்போகி அரிசி பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அந்த விதையில் இருப்பது சோரலென், ஃபியூரோகுமரின் குடும்பம்தான். நிறம் இழந்த இடத்தில் நிறத்தைத் தூண்டும். இன்றைய மருத்துவமனைகளும் சோரலெனையும் புற ஊதா-ஏவையும் சேர்த்து அதே நோய்க்குச் சிகிச்சை தருகின்றன. ஆனால் கார்போகி அரிசி நலங்கு மாவுப் பட்டியல்களிலும் இருக்கிறது. கஸ்தூரி மஞ்சளோடும் பயத்தம்பயறோடும் சேர்த்து அரைத்து, நிறம் வர வேண்டும் என்று தேய்த்துக் குளித்துவிட்டு காலை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். கோடையில் அரைக்கும்போது அதை மட்டும் விட்டுவிடச் சொல்லி மாவு அரைக்கும் எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில். வெயிலில் கறுத்த முகத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் கைக்கு வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவையை 1975-ல் மங்குக்காக அமெரிக்காவில் உருவாக்கினார்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டுமான மருந்து. எங்கள் தெருவில் ஒரு பெண் அதைக் கல்யாணத்துக்கு முன் தொடங்கி இரண்டு வருஷம் பூசினார். முதல் மாதம் முகம் வெளுத்தது, எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு தோல் கடுதாசிபோல் மெலிந்தது, ரத்தக்குழாய் இழைகள் தெரிந்தன, மேலுதட்டில் மயிர் வளர்ந்தது. நிறுத்தினால் நெருப்பாக எரிந்தது. எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசினார். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ஸ்டீராய்டு சிதைத்த முகம் என்றே பெயர் வைக்கும் அளவுக்கு இது நாடெங்கும் பரவியிருக்கிறது. அவர்கள் விடாமல் வற்புறுத்தியதால் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கிறது. பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் வேறு. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம்கள் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பழுதானது. வெயிலில் கறுப்பது தோல் தன் டி.என்.ஏ.வுக்குக் குடை பிடிப்பது. அந்தக் குடையைப் பிடுங்கக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சன்ஸ்கிரீனுக்கும் காசு வேண்டும். 50 கிராம் டியூப் நானூறு, ஐந்நூறு ரூபாய். சரியான அளவில் நாளைக்கு இரண்டு தடவை பூசினால் ஒரு மாதத்துக்கு வராது. வெயிலில் அதிகம் நிற்பவர்களுக்கு அது எட்டாத விலை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் நெற்றிக்கு முன்னால் நீட்டிக் கட்டிய துண்டு. வேலை கற்றுத்தந்த உடுப்பு அது, ஆய்வகத்திலும் நிற்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் வியர்வையில் நனைந்தால், கதிரை நன்றாகவே உள்ளே விடும். நெருக்கமாக நெய்த அடர்நிற டெரிகாட்டன் விடாது; பாலியெஸ்டர் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையங்கள் பி வகைக் கதிரை விழுங்கிவிடும். உள்ளே புழுங்கத்தான் செய்யும். ஹோமின் கறுப்புத் துணிக்கு அடியிலும் வெப்பமானி ஏறித்தான் இருந்தது.

போன சித்திரையில் அம்மா வடகம் பிழிய மாடிக்குப் போனபோது தம்பியின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். பாட்டியின் துண்டு நெற்றிக்கு முன்னால் நான்கு விரற்கடை நீண்டிருந்தது. துண்டின் நிழல் கன்னம் வரை விழுந்தது, மங்கு முழுக்க அதற்குள் அடங்கியது. குளியலறை மாடத்தில் இப்போது மூன்று புட்டிகள் இருக்கின்றன. சோப்பு கைகால் கழுவ மட்டும்.